ஒற்றும் நட்பும்

திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரம் 59ஆவதாக நிற்பது. ஒற்றினை வேந்தனுக்குக் கண்ணாக வைத்துத் தொடங்கி, ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறரறியச் செய்தலாகாது என்று விலக்கி முடியும் அப்பத்துப் பாக்களும் வடமொழிப் பொருணூலின் கருத்தைத் தழுவியன என்று கூறி அமைவாரே பலர். அவ்வதிகாரம் கூறுவன எவை என்பது பலகாலும் ஆராயப்பட்டது. கூறாதது எது என்பது அத்துணை ஆராயப்படவில்லை. நட்பரசினை ஒற்றியறிதல் தகுமா என்பதே அங்குக் கூறப்படாதது. இது மறதியா, அன்றிக் கருதியே விடுத்ததா என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2013ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் மறைச்செயல்களை எட்வர்டு சுனோடன் வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், ஜெர்மனியின் அந்நாளைய தலைமையமைச்சர் அங்கேலா மெர்க்கெலின் கைத்தொலைபேசியே அமெரிக்க ஒற்றுக்கு இலக்காயிற்று என்னும் செய்தி எழுந்தது. இரு நாடும் வட அட்லாண்டிக் உடன்படிக்கையில் ஒன்றுபட்டவை. நண்பர்க்குள் ஒற்றாடல் ஒருவாற்றானும் தகாது என்பது மெர்க்கெல் கூறிய மறுமொழியின் சாரம். எல்லா நாடும் செய்வதே இது என்பது மற்றொரு சாராரின் விடை. இவ்விரு விடைகளும் பழைய அரசியல் நூல்களில் முன்னரே எதிரெதிர் நிற்றலைக் காண்கிறோம்.

முதற்கண் பொருணூலை நோக்குவோம். 1909இல் சாமசாத்திரியார் பதிப்பித்து வெளியிட்ட கௌடலியரின் அர்த்தசாத்திரம் ஒற்றரை விரிவாக வகுத்துரைக்கின்றது. துறவி வேடம் பூண்ட ஒற்றர் அங்கு உளர். வள்ளுவரும் துறந்தார் படிவத்தைக் குறிப்பர். மூவர் கூற்று ஒத்தவழித் தெளிக என்பது அந்நூலின் விதி. ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவாறு ஆண்டு, மூவர் சொல் ஒன்றுபட்டதனைத் தெளிக என்பது வள்ளுவர் விதி. இத்துணை ஒப்புமையுடைய இடத்து ஒரு வேறுபாடு தோன்றுமாயின், அது நம் கருத்தை ஈர்த்தல் வேண்டும். முதல் அதிகரணத்தின் 12ஆம் அத்தியாயத்திற் கௌடலியர், பகைவன், நட்பரசன், இடைநின்றான், ஒதுங்கி நின்றான் என நால்வகை அரசரிடத்தும், அவர்தம் பதினெண் வகை அதிகாரிகளிடத்தும் ஒற்றரை வைக்குமாறு பணிக்கின்றார். நட்பரசன் அங்கு ஐயத்திற்கிடமின்றிப் பெயர் சுட்டப்படுகின்றான். வள்ளுவரோ 584ஆம் குறளில் ஒற்றப்படுவார் யாவர் என எண்ணுமிடத்து, வினைசெய்வார், சுற்றத்தார், வேண்டாதார் என மூவரையே கூறினார். நட்டார் அவ்வெண்ணில் இல்லை.

அற்றேல், அக்குறளில் ‘அனைவரையும்’ என்னும் சொல் உண்டன்றோ, அது நட்டாரையும் அடக்காதோ எனின், அடக்காது என்க. அச்சொல் ‘என்றாங்கு’ என்பதன்பின் வருதலின், முன் எண்ணப்பட்ட மூவரைத் தொகுத்து நின்றதேயன்றி எண்ணப்படாதாரைப் புதிதாகக் கொணர்ந்ததன்று. பரிமேலழகர் உரையும் அம்மூவகையார் அளவிலேயே அமைகின்றது. தன் சுற்றத்தையும் ஒற்றுக்கு உட்படுத்தத் தயங்காத ஆசிரியர், இரக்கங் கருதி நட்டாரை விடுத்தார் என்றலும் பொருந்தாது.

இனி, வள்ளுவர் கூறும் நட்பு தனிமனிதர் நட்பே, அதனை அரசர் நட்போடு இணைத்தல் பொருந்துமோ என்று வினவுவாரும் உளர். இது தக்க வினாவே. ஆயினும் 381ஆம் குறளில் அரசின் ஆறு உறுப்புக்களுள் ஒன்றாக நட்பு எண்ணப்படுகின்றது. நட்பு, நட்பாராய்தல், பழைமை முதலிய அதிகாரங்களைப் பரிமேலழகர் அங்கவியலுள் வைத்தமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. அப்பாக்கள் இல்வாழ்வார்க்கும் பயன்படுதல் உண்மை. வேந்தற்குப் பயன்படா என்றல் நூலமைப்பொடு முரணும்.

இவ்வாறு ஒரு சொல் இன்மையை மட்டும் பற்றிக்கொண்டு முடிவு கூறுதல் ஆராய்ச்சி நெறியன்று. உடன்பாட்டுச் சான்றும் வேண்டும். அது மூன்றிடத்துக் கிடைக்கின்றது.

முதலாவது, 80ஆம் அதிகாரமாகிய நட்பாராய்தல். குணம், குடிமை, குற்றம், இனம் ஆகியவற்றை அறிந்து நட்புக் கொள்க என்பதும், கேடு நட்டாரை அளக்குங் கோல் என்பதும் ஆண்டுக் கூறப்படுவன. ஆராய்ச்சி அங்கு உண்டு. ஆயின் அது நட்புக்கு முன்னர் நிகழ்வது, அல்லது துன்பம் வந்துழித் தானே வெளிப்படுவது. மறைந்து கேட்டல் என்பது அங்கு ஒரு கருவியாகக் கூறப்படவில்லை. இரண்டாவது, 510ஆம் குறள். ஆராயாது தெளிதலும் தெளிந்தபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் நீங்காத் துன்பந் தருவன என்று அது ஒருங்கு வைத்து விலக்குகின்றது.

மூன்றாவது சான்றே வலியது. 587ஆம் குறளில் ஒற்றனுக்கு இலக்கணங் கூறுவார், மறைந்தவற்றைக் கேட்கவல்லன் என்கின்றார். பழைமை அதிகாரத்து 808ஆம் குறளில் முதிர்ந்த நட்பினர்க்கு இலக்கணங் கூறுவார், நண்பர் செய்த பிழையைப் பிறர் வந்து சொல்லினும் கேளார் என்கின்றார். ஒற்றனது திறம் கேட்டலில் உள்ளது. நட்டாரது திறம் கேளாமையில் உள்ளது. ‘கேள்’ என்னும் ஒரே வினை ஓரிடத்து உடன்பாடாயும் மற்றோரிடத்து எதிர்மறையாயும் நின்று இரு நெறிகளையும் பிரித்துவிடுகின்றது. தானே வந்து செவிப்படும் பழியையும் ஏலாத ஒருவன், நண்பன் இல்லத்துச் சுவரிற் செவிவைத்தல் எங்ஙனம்?

கூடாநட்பினர் என் செய்யப்படுவர் எனின், அவரை வள்ளுவர் அறியாதவரல்லர். பகைவர் நண்பராக ஒழுகவேண்டிய காலம் நேருங்கால், முகத்தளவில் நட்புக் காட்டி நெஞ்சளவில் விலகுக என்று 830ஆம் குறளில் அவரே வழி வகுத்தார். அத்தகையோர் பெயரளவில் நட்பினராயினும் பொருளளவில் வேண்டாதாருள் அடங்குவர். அவரை ஒற்றுதல் விலக்கப்படவில்லை. ஆகவே வள்ளுவர் நெறி உலகியல் அறியாத அறவுரை என்று தள்ளப்படுவதன்று. ஒற்றுதற்குரியாரை நட்டார் என்று அழையற்க என்பதே அதன் உட்கிடை.

இவ்வளவைகொண்டு மேற்குறித்த நிகழ்ச்சியை நோக்கின் சில உண்மைகள் புலனாகும். செய்தி எழுந்தபோது அமெரிக்க அரசின் சார்பாளர், தலைமையமைச்சரின் பேச்சைத் தம் நாடு ஒற்றவில்லை, இனி ஒற்றவும் மாட்டாது எனும் பொருள்பட மொழிந்தார். அவர் சொல்லில் நிகழ்காலமும் எதிர்காலமும் உள, இறந்தகாலம் இல்லை. இலக்கணம் பயின்றார்க்கு அவ்வொழிபு எளிதிற் புலப்படும். 2014 சனவரியில் அதிபர் ஒபாமா, நெருங்கிய நட்பு நாட்டுத் தலைவர்தம் பேச்சை, தேசப் பாதுகாப்பை முன்னிட்ட இன்றியமையாக் காரணம் இருந்தாலன்றி ஒற்றுவதில்லை என்று உறுதி கூறினார். வரம்பு இடப்பட்டது, அவ்வரம்பிலேயே வாயிலும் வைக்கப்பட்டது. அவ்வாண்டு சூலையில் பெர்லினில் இருந்த அமெரிக்க ஒற்றுத்துறைத் தலைவரை நாட்டைவிட்டு நீங்குமாறு ஜெர்மனி பணித்தது.

ஆயின் குறை கூறிய நாடும் குறையற்றதன்று. ஜெர்மானிய அயல்நாட்டு உளவுத்துறை, நட்பு நாடுகளின் அலுவலகங்களைத் தானும் ஒற்றியமை 2015இல் வெளிப்பட்டது. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ என்னும் மறைகுறிப் பொறி நிறுவனம், 1970 முதல் அமெரிக்க ஒற்றுத்துறைக்கும் ஜெர்மானிய ஒற்றுத்துறைக்கும் மறைவாக உரிமைப்பட்டிருந்தது என்பதும், அப்பொறிகளை விலைகொடுத்து வாங்கிய நாடுகளின் மறைமொழிகளை அவ்விரு துறையும் படித்தன என்பதும் 2020இல் வெளியாயின. வாங்கினாருள் நட்பு நாட்டினரும் இருந்தனர். 1993 அளவில் ஜெர்மனி தன் பங்கை விட்டு நீங்கியது.

இவற்றைக் காணுங்கால், உலகம் கௌடலியர் வழியே நடக்கின்றது, வள்ளுவர் வழி ஏட்டில் நிற்கின்றது என்று முடித்தல் எளிது. அம்முடிபு முழுதும் பொருந்துவதன்று. கௌடலியர்க்கு நட்பரசன் என்பான் அரசமண்டிலத்தில் ஓர் இடம் பற்றிய பெயர். பகைவனுக்கு அப்பாலுள்ளவன் இயல்பாகவே நண்பனாகின்றான். இடம் மாறின் பெயரும் மாறும். அவனை ஒற்றுதலில் முரண்பாடு யாதும் இல்லை. இக்கால அரசுகளோ கௌடலியர் பொருளில் நண்பரைக் கொண்டு, வள்ளுவர் பொருளில் அவரை நட்டார் என்று மேடையில் மொழிகின்றன. 2013இல் எழுந்த சினத்துக்குக் காரணம் ஒற்று மட்டும் அன்று; ஒரு சொல் இருபொருளில் வழங்கப்பட்டமையும் ஆகும். மறைவு நீங்கியபொழுது பொறிக்கு நேர்ந்த இழப்புச் சிறிது. அச்சொல்லுக்கு நேர்ந்த இழப்பே பெரிது.

ஆதலின், ஒற்றாடல் அதிகாரத்தில் நட்டார் எண்ணப்படாமை ஆசிரியர் கருதி இட்ட எல்லை என்றே கொள்ளத்தகும். அதனை அவர் தனி விதியாக மொழிந்திலர்; நட்பதிகாரங்களின் கேளாமையால் உணரவைத்தார். இவ்விரு பகுதிகளையும் தனித்தனியே பயிலும் வழக்கை விடுத்து, ஒன்றனை மற்றொன்றன் உரையாகக்கொண்டு பயிலின், பொருட்பாலின் அரசியல் நாம் எண்ணியதினும் நுட்பமுடைத்தாதல் விளங்கும்.