கத்தரிக்கோல் யார் கையில்?

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு நாடகம் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கியது என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. ஏசி அரங்கம், இலவச அனுமதி, இடைவேளையில் காபி. இயக்குநர் வெளிநாட்டுக்காரர். மேடையில் அவர் ஊர்க்காரர்கள் நான்கு பேர், நம்மவர்கள் மூன்று பேர். ஓரத்தில் ஒருவர் பறையோடு நின்றுகொண்டிருந்தார்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதைக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் பறைக்காரர்தான் என்று தோன்றியது. வாசலில் பிடித்து, "கதை என்னண்ணே?" என்றேன்.

"கதையா சார்? அவரு கையைத் தூக்குவாரு, நான் அடிப்பேன். இறக்குவாரு, நிறுத்திடுவேன்."

நான் பி.காம். படித்தவன். நாடகம் புரியாவிட்டாலும் கணக்கு புரியும். 1932-ம் வருடத்துக் கூட்டு வாணிபச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை என்றால் கூட்டாளிகளுக்கு லாபத்தில் சம பங்கு. நஷ்டத்திலும்தான். இந்தக் கணக்குப்படி பார்த்தால் பறைக்காரர் கூட்டாளியே இல்லை. அன்றைய கூலிக்கு வந்தவர்.

அன்றிலிருந்து 'கூட்டுத் தயாரிப்பு' என்று எங்கே பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. இதில் கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது?

நாடகத்தில் கத்தரிக்கோல் வைத்திருக்கும் ஆளுக்கு ஐரோப்பாவில் ஒரு பெயர் உண்டு. டிராமடர்க். எழுதுபவர் எழுத்தாளர், ஆட்டி வைப்பவர் இயக்குநர். இருவருக்கும் நடுவில் பென்சிலோடு உட்கார்ந்து, "இந்தக் காட்சி எதற்கு? இவள் ஏன் இப்போது அழுகிறாள்? இது நம் ஜனங்களுக்குப் புரியுமா?" என்று நச்சரிப்பவர்தான் டிராமடர்க். கோடம்பாக்கத்தில் லாட்ஜ் ரூம் போட்டுக் கதை டிஸ்கஷன் நடக்குமே, அதில் எல்லோரும் ஆஹா என்னும்போது ஒருவர் மட்டும், "சார், ஹீரோ ஏன் போலீஸுக்குப் போகலை?" என்பார். அவரேதான். என்ன, ஜெர்மனியில் அவருக்கு மாதச் சம்பளம்.

1767-ல் ஹாம்பர்க் நகரத்தில் தொடங்கிய தேசிய நாடக அரங்கம், லெஸ்ஸிங் என்ற எழுத்தாளரை இப்படி ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டது. அங்கே போடுகிற நாடகங்களைப் பற்றி அவர் விமர்சனம் எழுத வேண்டும். சம்பளம் கொடுப்பவரை விமர்சிக்கும் உத்தியோகம் எத்தனை நாள் தாங்கும்? நடிப்பைப் பற்றி எழுதினால் நடிகர்களுக்குக் கோபம் வந்தது. அதை நிறுத்திவிட்டு நாடகங்களைப் பற்றி மட்டும் எழுதினார். இரண்டே வருடத்தில் அரங்கத்துக்குப் பூட்டு. அவர் எழுதியவை மட்டும் புத்தகமாக நின்றுவிட்டன.

ஒரே ஊருக்குள்ளேயே இத்தனை சங்கடம் என்றால், இரண்டு கண்டத்துக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்?

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் பீட்டர் புரூக்கின் 'மகாபாரதம்'. புரூக் ஆங்கிலேயர், பாரிஸில் குழு நடத்தியவர். பிரெஞ்சு எழுத்தாளர் ழான்-குளோத் காரியேரோடு சேர்ந்து பத்து வருடம் இந்தக் கதையோடு மல்லுக்கட்டினார். பாரிஸில் ஒரு சமஸ்கிருத அறிஞர் கதை சொல்லச் சொல்லக் கேட்டார்கள். பிறகு இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். காரியேரின் பயணக் குறிப்புகள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தபோது தலைப்பிலேயே மெட்ராஸ் இருந்தது. 1985 ஜூலையில் பிரான்ஸின் அவிஞ்ஞோன் நாடக விழாவில், ஊருக்கு வெளியே ஒரு கல் குவாரியில் அரங்கேற்றம். ஒன்பது மணி நேரம். பிரெஞ்சு மொழியில் கல் குவாரிக்கு என்ன பெயர் தெரியுமா? காரியேர்!

நான் பார்த்தது 1989-ல் வந்த சினிமா வடிவம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பீஷ்மராக வருபவர் ஆப்பிரிக்காவின் சோட்டிகி குயாட்டே. நெடுநெடு உயரம், ஒட்டிய கன்னம். பரம்பரை பரம்பரையாகக் கதை பாடும் குடும்பத்திலிருந்து வந்தவர். அம்புப் படுக்கையில் அவரைப் பார்த்தபோது எனக்கு வேற்று நாட்டுக்காரர் என்ற நினைப்பே வரவில்லை. எங்கள் கிராமத்துத் திண்ணையில் படுத்திருந்த பெரிய தாத்தா ஞாபகம்தான் வந்தது. துரோணர் ஜப்பான்காரர், பீமன் செனகல்காரர். அதுவும் உறுத்தவில்லை. கதை பெரியது, எல்லோருக்கும் இடம் இருக்கிறது.

உறுத்தியது வேறு. கீதை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மனிதர்கள் சண்டை போடுகிறார்கள், சாகிறார்கள். ஆனால் எந்தக் குலம், எந்த தர்மம், யாருக்கு வில்லைத் தொட உரிமை, யாருக்கு இல்லை என்கிற முடிச்சுகள் தளர்ந்துபோய், 'மனித குலத்தின் கதை' மிஞ்சுகிறது. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. படுகளத்தன்று துரியோதனனை மண்ணில் பிரமாண்டமாகப் படுக்க வைத்திருப்பார்கள். கடைசியில் தீமிதி. அங்கே பாஞ்சாலி கதாபாத்திரம் இல்லை, சாமி. அவளுக்கு விரதம் இருக்கிற பெண்ணுக்கு இது 'மனித குலத்தின் கதை' என்றால் சிரிப்பாள்.

புரூக்கின் குழுவில் இந்திய நடிகர் ஒரே ஒருவர்தான். திரௌபதியாக வந்த மல்லிகா சாராபாய். நாடகப் பிரதியில் இருப்பது காரியேரின் பெயர். இந்தியா கதை கொடுத்தது, இசை கொடுத்தது, துணிமணி கொடுத்தது. எதை வைப்பது, எதை வெட்டுவது என்கிற மேஜை மட்டும் பாரிஸில் இருந்தது. குவாரியில் கல் எடுப்பதும் இப்படித்தான். லாரி கிளம்பின பிறகு மலைக்கு அதில் பேச்சில்லை.

இதை அன்றைக்கே உரக்கச் சொன்னவர் ருஸ்தம் பரூச்சா. கல்கத்தாக்காரர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். 1988-ல் அவர் எழுதிய கட்டுரை புரூக்கை ஒரு பிடி பிடித்தது. இந்தியாவின் பண்பாட்டை அதன் மண்ணிலிருந்து பிடுங்கி எடுத்துப் போய்விட்டார் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

விமர்சகர்களைப் பார்த்து நாம் வழக்கமாகக் கேட்பது என்ன? "பேசத் தெரியுதே, செஞ்சு காட்டேன்!" பரூச்சா அதே காலத்தில் செய்துகொண்டும் இருந்தார். அதனால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை.

மானுவேல் லுட்கென்ஹார்ஸ்ட் என்ற ஜெர்மன் நாடகக்காரரும் பரூச்சாவும் சேர்ந்து 1980-களின் பிற்பாதியில் ஒரு காரியம் செய்தார்கள். ஃபிரான்ஸ் சாவர் க்ரோட்ஸ் என்ற ஜெர்மானியர் எழுதிய நாடகத்தை ஆசிய நகரங்களுக்கு எடுத்துப் போனார்கள். அந்த நாடகத்தின் பெயரைத் தமிழில் அழகாகச் சொல்லலாம்: 'நேயர் விருப்பம்'. தனியாக வாழும் ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். உடை மாற்றுகிறாள், சாப்பிடுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள். ரேடியோவில் நேயர் விருப்பம் ஓடுகிறது. படுக்கிறாள். தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து தூக்க மாத்திரைகளை எடுக்கிறாள். அவ்வளவுதான். முழு நாடகத்திலும் ஒரு வசனம் கிடையாது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வசனமே இல்லாததால் மொழிபெயர்ப்பாளர் தலையில் எந்தப் பழியையும் போட முடியாது. மிச்சம் இருப்பதெல்லாம் டிராமடர்க் கேட்கிற கேள்விகள் மட்டுமே. நம் ஊரில் நடுத்தர வயதுப் பெண் தனியாக ஒரு ஃபிளாட்டில் இருப்பாளா? இருந்தால் வீட்டுக்காரர் என்னென்ன விசாரித்திருப்பார்? ராத்திரி அவள் என்ன சாப்பிடுவாள், மத்தியானம் வடித்த சோறா? ரேடியோவில் எந்தப் பாட்டு? பூஜை அலமாரிக்கு விளக்கேற்றுவாளா? ஜெர்மனியில் அவள் கதவை யாருமே தட்டுவதில்லை, அதுதான் அவள் தனிமை. நம் ஊரில் எதிர் வீட்டு மாமி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டுவார். அப்படித் தட்டுவதுகூட ஒரு தனிமையாக இருக்கலாம் இல்லையா?

இந்தக் கேள்விகளுக்கு ஜெர்மனியில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது. கல்கத்தாவில் உஷா கங்குலி, பம்பாயில் சுலபா தேஷ்பாண்டே, மெட்ராஸில் நடனக் கலைஞர் சந்திரலேகா என்று ஊருக்கு ஒரு பெண் நடித்தார். மூவருமே சொந்தமாகப் பெயர் எடுத்தவர்கள், கை தூக்கினால் அடித்து இறக்கினால் நிறுத்துகிற ஆட்கள் இல்லை. நடிப்பவர் மாறினால் நாடகமும் மாறித்தானே ஆக வேண்டும்?

இதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. மூலம் ஜெர்மன் நாடகம். அது மெட்ராஸ் வரை வந்தது. மெட்ராஸ் நாடகம் ஒன்றை மியூனிக் நடிகை தன் சமையலறைக்கு ஏற்ற மாதிரி மாற்றி நடித்தாரா? ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கில் இந்தப் பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

அதை ஓரளவு நிரப்பியது அரியான் ம்னூஷ்கின் அம்மையாரின் குழு. 1964-ல் தொடங்கியது, பாரிஸ் ஓரத்தில் ஒரு பழைய தோட்டாத் தொழிற்சாலையில் இருக்கிறது. 2015 நவம்பரில் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்த பிறகு, குழுவினர் புதுச்சேரிக்கு வந்து பயிற்சி எடுத்தார்கள். 2016 நவம்பரில் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகம் வந்தது. இயக்குநர் கைவிட்டுப் போக, இந்தியாவில் மாட்டிக்கொண்ட ஒரு நாடகக் குழுவின் கதை. உலகமே எரியும்போது எதைப் பற்றி நாடகம் போடுவது என்று உதவி இயக்குநர் தவிக்கிறாள். அவள் கனவுகளுக்கு நடுவே தெருக்கூத்து வருகிறது. புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் கற்றுக்கொண்டு அந்தக் குழுவின் நடிகர்கள் பாரதக் காட்சிகளைத் தமிழில் பாடி ஆடினார்கள்.

இங்கே நம் ஆள் வாத்தியார். அடவு சரியில்லை என்றால், "மறுபடியும்" என்று சொல்லும் இடத்தில் இருந்தார். பறைக்காரர் நிலையிலிருந்து இது எவ்வளவோ தூரம். ஆனாலும் கதையின் சட்டகம் பாரிஸின் பயம், பாரிஸின் கனவு. கூத்து அதற்கு மருந்தாக வருகிறது. கூத்துக்கு என்ன நோய் என்று கேட்கும் காட்சியைப் புரிசைக்காரர் எழுதியிருந்தால் அது வேறு நாடகம். அதைத்தான் நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அதே குழு இரண்டே வருடத்தில் சறுக்கியது. கனடாவின் பூர்வகுடிகளைப் பற்றிய 'கனாட்டா' நாடகத்துக்காக, ம்னூஷ்கின் தன் குழுவை கியூபெக் இயக்குநர் ராபர்ட் லெபாஜிடம் ஒப்படைத்தார். நடிகர்களில் ஒரு பூர்வகுடிகூட இல்லை. 2018 ஜூலையில் பூர்வகுடிக் கலைஞர்களும் மற்றவர்களும் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எங்கள் கதையை இந்த முறையும் நாங்கள் இல்லாமல்தான் சொல்வீர்களா என்பது அதன் சாரம். இயக்குநர்கள் மான்ட்ரியாலில் அவர்களைச் சந்தித்து மணிக்கணக்கில் பேசினார்கள். வட அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பாளர்கள் விலகினார்கள். நாடகம் ரத்து என்று அறிவித்தார்கள். பிறகு அந்த டிசம்பரில் பாரிஸில் வேறு வடிவத்தில் போட்டே விட்டார்கள்.

லெபாஜ் தரப்பு வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நாடகம் என்பதே இன்னொருவராக மாறுவதுதான். அவரவர் ஜாதியை அவரவர்தான் நடிக்க வேண்டும் என்றால் கொட்டகையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆப்பிரிக்கர் பீஷ்மராக வந்ததை நானே ரசித்தேனே! என் சண்டை வேஷத்தோடு இல்லை. எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்பது, வீடு கட்டி முடித்த பிறகு வாஸ்து கேட்பது மாதிரி. இடிக்கவா போகிறார்கள்?

அடுத்த முறை கூட்டுத் தயாரிப்பு என்று அழைப்பிதழ் வந்தால் தாராளமாகப் போங்கள். உடையையும் விளக்கையும் பார்த்து அசந்துபோவதில் தப்பில்லை. முடிந்ததும் பார்வையாளர் கேள்வி நேரம் என்று மைக்கை நீட்டுவார்கள். அப்போது எழுந்து, "ஒத்திகையில் இவர் வேண்டாம் என்று சொல்லி, அதனால் நீங்கள் மாற்றிய காட்சி எது?" என்று இயக்குநரைக் கேளுங்கள்.

நல்ல கூட்டாளியாக இருந்தால் ஒன்றுக்கு நாலு காட்சி சொல்வார். அவர் முழித்தால், நேராக வாசலுக்குப் போய்ப் பறைக்காரரைப் பிடியுங்கள். அன்றைக்கு நான் கதை என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்ணே என்று கேட்டுப் பாருங்கள்.