கூடத்துப் பேச்சு

இந்திய விமானப்படைக்கு உள்நாட்டுத் தேஜஸா, பிரான்சின் ரஃபேலா என்ற விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வரன் பேசும் கூடம்தான் நினைவுக்கு வருகிறது. சொந்தத்திலேயே முடிப்பதா, வெளிநாட்டு மாப்பிள்ளையா?

அந்தச் சொந்தம் எவ்வளவு சொந்தம்? 1983இல் அனுமதி பெற்ற தேஜஸ் படையில் சேர 2016 ஆயிற்று. பறப்பதோ அமெரிக்க எஞ்சினில். அதற்கென்று பெங்களூரில் உருவாக்கிய எஞ்சினுக்குக் காவேரி என்று பெயர். போதிய உந்துவிசை இல்லையென்று 2008இல் அவளைக் கழற்றிவிட்டார்கள். 2021இல் கேட்ட 83 விமானங்கள் தாமதமானதற்கு அமெரிக்க எஞ்சின் நேரத்துக்கு வராததும் ஒரு காரணம். சொந்தம், அந்நியம் என்ற பிரிவினையே பாதிப் பொய்.

ரஃபேல் விஷயத்தில் மறைந்திருப்பது பணம். 2016இல் 36 விமானங்களுக்குக் கையெழுத்தானது. விலை விவரம் உச்ச நீதிமன்றத்துக்கு மூடிய உறையில் போனது. 2019 தணிக்கை அறிக்கையிலும் தொகைகளை மறைத்தே வெளியிட்டார்கள். வீட்டுக்காரரின் சம்பளம் எவ்வளவு என்று கடைசிவரை தெரியாமலே குடும்பம் நடத்திய பெண்களுக்கு இந்த உறை புதிதல்ல.

பெண்கள் வருவது படத்தில். ரஃபேல் முன்னால் ஷிவாங்கி சிங், தேஜஸ் முன்னால் மோகனா சிங். அவர்கள் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. போர் விமானிகளாக முதல் மூன்று பெண்கள் சேர்ந்ததே 2016இல்தான், மோகனா அவர்களில் ஒருவர். ஆனால் எதை வாங்குவது, எவ்வளவுக்கு என்ற பேச்சு முடிந்த பிறகுதான் காபித் தட்டோடு கூடத்துக்கு அழைக்கிறார்கள்.

இப்படி எழுதிவிட்டு நிறுத்தினால் எனக்கு வசதி. ஆனால் 2018இல் அந்த உறை நீதிமன்றம் போனபோது பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். கூடத்தின் நடு நாற்காலியில் ஒரு பெண்தான் இருந்தார். விலையைச் சொல்ல முடியாது என்று நாடாளுமன்றத்தில் வாதாடியவர்களில் அவரும் ஒருவர்.