யாழ் நூலும் முதிர்ந்த கல்வியும்

முதுமையிற் புலன்கள் தளர்வது இயற்கை. அறிவும் அவற்றோடு தளர்ந்தொழியும் எனக் கொள்வது பொருந்தாது. 1887 ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, தம் எண்பத்திரண்டாம் வயதிற் குறுந்தொகையைத் தாம் வகுத்த உரையுடன் வெளியிட்டார். தம் வரலாற்றை எழுதப் புகுந்தது அதற்கும் பின்னர், 1940 இலாகும்.

இவ்வுண்மைக்கு மட்டக்களப்பு வாவி சூழ்ந்த நாடு அளித்த சான்று விபுலாநந்த அடிகளின் யாழ் நூல். 1892 இற் காரைதீவிற் பிறந்த அடிகள் அந்நூலை அரங்கேற்றியது 1947 ஆம் ஆண்டு யூன் மாதம், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலாகும். அடுத்த மாதம் 19 ஆந் திகதி அவர் மறைந்தார். ஐம்பத்தைந்து வயது முதுமையன்று என்பார் உளர். ஆயினும் ஒரு வாழ்வின் கல்வி முழுவதும் அதன் முடிவில் ஒன்றுகூடிய வகையை இந்நூலிற் காணலாம்.

அடிகள் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். அந்நாளில் இவ்விரண்டும் வெவ்வேறு துறைகளாகவே தோன்றியிருக்கும். ஏறக்குறையப் பதினான்கு ஆண்டு ஆராய்ச்சியில் அவை ஒன்றையொன்று தழுவின. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் இசைப்பகுதியை விளக்கப் புகுந்த அடிகள், சொற்பொருள் கூறுவதோடு அமையவில்லை; நரம்புகளின் அளவையும் சுரங்களின் இயைபையும் கணித்துக் காட்டினார். பண்டிதர் மட்டுமாயின் கணக்கை விடுத்திருப்பர். விஞ்ஞானி மட்டுமாயின் காதையை அறிந்திரார். பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களும் இவ்விணைப்பின் பயனே. ஆதலின், முதிர்ந்த கல்வியாவது புதியன சேர்த்தல் மாத்திரமன்று. முன்னர்த் தனித்தனியே கற்றவற்றுள் உறவு காண்டலுமாகும்.

நூலுக்கு ஒரு குறையும் உண்டு. தமிழ், இசை, கணிதம் ஆகிய மூன்றும் ஒருங்கறிந்தவரையே அது கற்போராக எதிர்நோக்குகின்றது. ஆசிரியர் பல்லாண்டு நடந்த வழியை மாணவர் படிப்படியாக நடத்தற்குரிய எளிய விளக்கம் அதனுட் போதிய அளவு இல்லை. அதனாற் போற்றுவோர் தொகை பெருக, கற்போர் தொகை சுருங்கிற்று. அடிகள் 1929 இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் அமைந்த கல்லடி உப்போடையிலேயே அவர் சமாதியும் உள்ளது. அங்கு மலர் சாத்துதல் நன்று. நூலைத் திறத்தல் அதனினும் நன்று.

பட்டம் பெற்ற அன்றே நூலை மூடிவைக்கும் வழக்கம் கற்பிக்கும் தொழிலோரிடையேயும் பரவியுள்ளது. கற்பதை நிறுத்திய ஆசிரியர் தாம் முன்பு கற்றதையே திரும்பக் கூறுவாரன்றி மாணவர் அறிவை வளர்க்க மாட்டார். விஞ்ஞானம் கற்றவர் நடுவயதில் இசையிலக்கணத்தையும், தமிழ் கற்றவர் கணிதத்தையும் கற்கத் துணிவாராயின், யாழ் நூலின் அருமை குறைந்து அதன் பயன் பெருகும். அடிகளுக்குச் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.