ரிசீவர் வைத்திருப்பவர்கள் சொல்வதில் எதை நம்புவது?

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கியவரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஓசையைப் பற்றித்தான் வரும். சவுண்ட் கும்முனு இருக்கு, டயலாக் தெளிவா இருக்கு, பழசைவிட இது வார்மா இருக்கு. யமஹா பாட்டுக்கு, டெனான் படத்துக்கு. கடைக்காரரும் இதையேதான் சொல்வார். எத்தனை வருஷம் ஓடியது, முதலில் எது கெட்டது, கெட்டபோது கம்பெனி என்ன செய்தது என்பதெல்லாம் நாமாகக் கேட்டால்தான் வரும். அதுவும் கொஞ்சம் அலுப்போடு.

என் கட்சி இதுதான்: ஓசை விஷயத்தில் வாங்கியவர் பலவீனமான சாட்சி. பழுது விஷயத்தில் அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. நாமோ முதலாவதை ஆசையாகக் கேட்டுக்கொள்கிறோம், இரண்டாவதைப் புலம்பல் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

முதலில் ஓசை. அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை 1987 ஜனவரி இதழில் ஒரு சோதனையை வெளியிட்டது. சுமார் 220 டாலர் விலையுள்ள பயனியர் ரிசீவரில் தொடங்கி 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை வைத்து, ஒலி அளவைச் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். கேட்டவர்களில் ஆம்ப்ளிஃபயர்களில் வித்தியாசம் உண்டு என்று அடித்துச் சொல்பவர்களும் இருந்தார்கள், இல்லவே இல்லை என்பவர்களும் இருந்தார்கள். மொத்தத்தில் முடிவு காசு சுண்டிப் போட்டது மாதிரிதான் வந்தது. அந்தச் சோதனையோடு சண்டை போடுபவர்கள் இன்றும் உண்டு. போடட்டும். ஆனால் அதில் இருந்த இரண்டு கட்டுப்பாடுகள், அதாவது ஒலி அளவைச் சமப்படுத்துவது, பெயரை மறைப்பது, இரண்டுமே வீட்டில் நடப்பதில்லை.

வீட்டில் என்ன நடக்கிறது? பழைய ரிசீவரைக் கழற்றி, புதியதை வைத்து, ஒயர்களை மாட்டி, மைக் வைத்து அளந்து, படம் போடுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். நுணுக்கமான ஓசை வித்தியாசம் நம் நினைவில் சில நொடிகள்கூட ஒழுங்காக நிற்காது. அரை டெசிபெல் கூடுதலாக இருந்தாலே அதை "சத்தம் அதிகம்" என்று காது சொல்லாது, "நல்லா இருக்கு" என்றுதான் சொல்லும். போதாததற்கு அறுபதாயிரம் ரூபாய் கொடுத்தவருக்கு அது நன்றாக இல்லை என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

அதற்காக அவருக்குக் கேட்டது பொய் என்று நான் சொல்லவில்லை. கேட்டது பெரும்பாலும் நிஜம், காரணம்தான் தப்பு. டெனான், மரான்ட்ஸ் ரிசீவர்களில் பல வருடங்களாக ஆடிஸி என்ற அறை அளவீட்டு முறை வருகிறது. மைக்கை வைத்து அளந்து முடித்ததும் அது டைனமிக் ஈக்யூ என்ற வசதியைத் தானாகவே ஆன் செய்துவிடும். குறைந்த வால்யூமில் பேஸையும் பின்பக்க ஸ்பீக்கர்களையும் தூக்கிக்கொடுப்பது அதன் வேலை. ஆடிஸியின் வழக்கமான வளைவு மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் இறக்கும், 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளமும் வைக்கும். யமஹாவின் அளவீட்டு முறை வேறு, அது இலக்காக வைப்பதும் வேறு. இப்போது "டெனான் படத்துக்கு, யமஹா பாட்டுக்கு" என்ற பழமொழியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் குணம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும் பங்கு, மெனுவுக்குள் ஆஃப் செய்யக்கூடிய ஒரு செட்டிங். டெனானும் மரான்ட்ஸும் 2002 முதல் ஒரே நிறுவனத்தின் கீழ் இருப்பவை, உள்ளே நிறையவே பகிர்ந்துகொள்பவை. ஆனால் ஒன்றை "அதிரடி" என்றும் மற்றதை "இதமானது" என்றும் பிரித்துச் சொல்வதை மட்டும் நாம் விடுவதாக இல்லை.

வாட் கணக்கும் இதே கதைதான். ஒரே மாடல் அமெரிக்க விளம்பரத்தில் 80 வாட், ஐரோப்பிய விளம்பரத்தில் 145 வாட் என்று வரும். முதலாவது 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது அளந்தது. இரண்டாவது 6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ், ஒரே ஒரு சேனல். அமெரிக்காவில் 1974-லேயே இதற்கு அரசு விதி வந்ததால் அங்கே அடக்கி வாசிக்கிறார்கள். அந்த விதியை 2024-இல் மறுபடி இறுக்கினார்கள். நம் ஊர்ப் பெட்டியில் பெரிய எண்தான் முன்னால் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், 80-க்கும் 145-க்கும் உள்ள வித்தியாசம் நிஜமாகவே இருந்தாலும் அது மூன்று டெசிபெல்கூட இல்லை. சாதாரணமாகப் படம் பார்க்கும்போது ஒரு ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாட்தான்.

ஓசையை நிஜமாகத் தீர்மானிப்பது ஸ்பீக்கரும் அறையும். 4.3 மீட்டர் நீளமுள்ள ஹாலில் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸில் ஒரு அலை சுவருக்குச் சுவர் நின்றுவிடும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பூதமாக வரும், நடு ஹாலில் உட்கார்ந்தால் காணாமல் போகும். அமெரிக்க வீடுகளில் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைச் சுவர், அது தாழ்ந்த அதிர்வெண்களைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நமக்குச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, தரையில் டைல்ஸ். விழுங்க எதுவும் இல்லை. ஒஹாயோவில் ஒருவர் "பேஸ் அருமை" என்று சொன்ன ரிசீவரை வாங்கி அம்பத்தூரில் வைத்தால், அவர் கேட்டது நமக்குக் கிடைக்காது. அவர் சாட்சி சொன்னது தன் வீட்டுக்கு.

இனி பழுது. இங்கே நிலைமை அப்படியே மாறுகிறது. பத்திரிகை மதிப்புரை எழுதுபவர் ஒரு ரிசீவரை இரண்டு வாரமோ ஒரு மாதமோ வைத்திருப்பார். நாலாவது வருஷம் அவரிடம் அது இருக்காது. ஆய்வகத்தில் அளப்பவரும் அப்படித்தான். நாலாவது வருஷத்தைப் பற்றிப் பேசும் தகுதி, சொந்தக் காசில் வாங்கியவரைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

ஆன்கியோ கதை இதற்கு நல்ல உதாரணம். டிஎக்ஸ்-என்ஆர்609 என்ற மாடல் 2011-இல் வந்தது. ஏழு சேனல், டிஎச்எக்ஸ் முத்திரை, நியாயமான விலை. மதிப்புரைகளில் நல்ல பெயர், நன்றாக விற்றது. சில வருடங்கள் கழித்து வைத்திருந்தவர்கள் ஒரே மாதிரி புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் நெட்வொர்க் இணைப்பு காணாமல் போகும். பிறகு அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் சத்தம் நின்றுபோகும். அணைத்து ஆறவிட்டுப் போட்டால் திரும்ப வரும். அப்புறம் ஒரு நாள் வரவே வராது. காட்சி பிரச்சனையில்லாமல் ஓடும், சத்தம் மட்டும் இருக்காது.

இந்தப் புகார்களின் தரத்தைக் கவனியுங்கள். "சவுண்ட்ல ஒரு உயிர் இருக்கு" என்பது போன்ற பேச்சு இதில் இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆட்கள், வேறு வேறு நாடுகளில், ஒரே அறிகுறிகளை ஒரே வரிசையில் சொன்னார்கள். சூடானால் போகிறது, ஆறினால் வருகிறது என்ற ஒரு தகவலே பழுது பார்ப்பவருக்குப் பாதி நோயறிதல். போர்டில் ஒலியைக் கையாளும் டிஎஸ்பி சிப்பைத்தான் அது காட்டிக்கொடுத்தது. ஹேர் டிரையரால் அந்தச் சிப்பைச் சூடாக்கிப் பார்த்து, சத்தம் வருகிறதா என்று சோதித்தவர்கள்கூட உண்டு. கடைசியில் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2009 முதல் 2012 வரை தயாரான சில மாடல்களில் இந்தக் குறை வரலாம் என்று சொல்லி, வாரண்டி முடிந்தவற்றையும் இலவசமாகச் சரிசெய்யும் திட்டத்தை அறிவித்து, 2018 கடைசி வரை நீட்டித்தது. வாங்கியவர்களின் புலம்பல்தான் அங்கே ஆய்வறிக்கை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதுதான். கெட்டவனுக்குத்தான் பேசத் தோன்றும், நன்றாக ஓடுபவன் படம் பார்த்துக்கொண்டிருப்பான். எத்தனை விற்றது என்று தெரியாமல் எத்தனை கெட்டது என்று எண்ணி என்ன பயன்? நிறைய விற்ற மாடலுக்கு நிறையப் புகார் வரத்தான் செய்யும். சரி. அதனால்தான் நான் புகார்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறேன். நூறு பேர் நூறு விதமாகக் கெட்டுப்போனதாகச் சொன்னால் அது வெறும் கூட்டம். பத்துப் பேர் ஒரே வரிசையில் ஒரே அறிகுறியைச் சொன்னால் அது தடயம். அதே தராசில் "ஆறு வருஷமா ஓடுது, ஒரு பிரச்சனையும் இல்ல" என்பதற்கு எடை ரொம்பக் குறைவு. பாவம், நல்ல மனுஷன், ஆனால் அவர் ஒரே ஒரு பெட்டியைப் பற்றித்தான் சொல்கிறார்.

இதில் இன்னொரு வகையும் உண்டு: கெட்டுப்போகாமலே வேலை செய்யாத பெட்டி. 2020-இல் டெனான், மரான்ட்ஸ், யமஹா மூவரும் 8கே என்று பெருமையாக அச்சடித்த ரிசீவர்களை விட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை அதில் மாட்டி 4கே, 120 ஹெர்ட்ஸ் வைத்தால் திரை கறுப்பு. எச்டிஎம்ஐ சிப்பிலேயே குறை. அக்டோபரில் ஜெர்மனியின் சி'டி பத்திரிகை இதைக் கண்டுபிடித்து எழுதியது. மென்பொருள் அப்டேட்டால் சரிசெய்ய முடியாது என்பதால் டெனான், மரான்ட்ஸ் தரப்பு ஒரு குட்டி அடாப்டர் பெட்டியை இலவசமாக அனுப்பியது. யமஹா போர்டையே மாற்றித் தந்தது. நான் கவனித்தது என்னவென்றால், இந்த மாடல்களின் ஓசையைப் புகழ்ந்து அதற்கு முன்பே நிறைய எழுதியாகிவிட்டது.

ஏன் இப்படி? ரிசீவர் என்பது ஒரே பெட்டிக்குள் இரண்டு இயந்திரம். ஒன்று ஆம்ப்ளிஃபயர்: டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கெபாசிட்டர்கள், டிரான்சிஸ்டர்கள். இருபது, முப்பது வருஷம் ஓடக்கூடிய பழைய தொழில்நுட்பம். 1970-களின் மரான்ட்ஸ் 2270 இன்றும் ஓடுகிறது, கெபாசிட்டர் மாற்றினால் போதும், சர்க்யூட் தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்வார். இன்னொன்று டிஜிட்டல் போர்டு: எச்டிஎம்ஐ, நெட்வொர்க், டிஎஸ்பி. சில வருஷத்தில் பழசாகிவிடும் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரின் சூட்டுக்கு மேலேயோ பக்கத்திலேயோ வைத்து மூடிவிடுகிறார்கள். அது போனால் பத்து கிலோ இரும்பும் செம்பும் சேர்ந்து போகும். ஓசையைப் பற்றிய பேச்செல்லாம் கெடாத பாதியைப் பற்றியது. காசு போவது மற்ற பாதியால்.

சூடு இதில் பெரிய வில்லன். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு: பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. ஏசி இல்லாத ஹாலில் மே மாதம், டிவி யூனிட்டின் கண்ணாடிக் கதவுக்குள், மேலே செட்டாப் பாக்ஸை வேறு வைத்து ஓட்டினால் கணக்கை நீங்களே போடலாம். குளிர் ஊரில் ஒருவர் எட்டு வருஷம் ஓட்டியதை இங்கே அப்படியே எதிர்பார்க்க முடியாது. அதேபோல இடி. டிஷ் ஒயர் மொட்டை மாடியிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு வருகிறது, அங்கிருந்து எச்டிஎம்ஐ ஒயர் ரிசீவருக்குப் போகிறது. ஐப்பசி மழையில் ப்ளக்கைப் பிடுங்கியும் எச்டிஎம்ஐ போர்ட் போய்விட்டதே என்று மதுரை நண்பர் ஒருவர் புலம்பினார். டிஷ் ஒயரைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

கம்பெனிகளின் நிலையும் கலக்கமானது. 1946-இல் தொடங்கிய ஆன்கியோ தன் ஹோம் ஆடியோ பிரிவை 2021-இல் விற்றது, 2022 மே மாதம் திவாலானது. பெயர் மட்டும் வேறு கைகளில் ஓடுகிறது. டெனானும் மரான்ட்ஸும் 2017-இல் சவுண்ட் யுனைட்டெட், 2022-இல் மாசிமோ, 2025-இல் ஹார்மன் என்று கை மாறிவிட்டன. ஐந்து வருஷம் கழித்து போர்டு வேண்டும் என்று போனால் கவுண்டருக்குப் பின்னால் யார் இருப்பார்கள் என்று வாங்கும்போது யாராலும் சொல்ல முடியாது.

அதனால் யாராவது என்னிடம் "எந்த ரிசீவர் வாங்கலாம்?" என்று கேட்டால், நான் முதலில் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா, அங்கே போர்டைக் கழற்றிச் சரிசெய்வார்களா, மொத்தமாக மாற்றத்தான் செய்வார்களா, மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வரச் சொல்கிறேன். போன மாதம் ஒருவர் நிஜமாகவே போய் விசாரித்துவிட்டு வந்தார். போர்டு விலை, ரிசீவர் விலையில் பாதிக்கு மேல். அவர் இப்போது நல்ல ஸ்பீக்கர் இரண்டும், டிவியோடு சேர்க்க ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்பக்கம் ஹெலிகாப்டர் பறக்காது என்று வீட்டில் பையன் மட்டும் கோபமாக இருக்கிறானாம்.