பத்து வரிகளில் மனிதன்

மனித குணங்களை வகுத்து நோக்கும் முயற்சி மிகப் பழைமையானது. சாத்துவிகம், இராசதம், தாமதம் என நம் முன்னோர் வகுத்தமையை யாவரும் அறிவர். ஆயின் வகுப்பது வேறு, எண்ணிட்டு அளப்பது வேறு. அளக்கும் வேட்கை நவீன கைத்தொழிற் சமுதாயத்துக்கும் அதன் படைகளுக்கும் உரியது. 1917 இல் ஐக்கிய அமெரிக்கா உலகப் போரில் இறங்கியபோது, எறிகணை அதிர்ச்சியால் மனம் உடையக்கூடியோரை முன்கூட்டியே கண்டு விலக்கும்பொருட்டு, ரொபேட் வூட்வேர்த் என்னும் உளவியலாளர் 'ஆம்', 'இல்லை' என விடையிறுக்கத்தக்க நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களைத் தொகுத்தார். கருவி ஆயத்தமாகுமுன் போர் முடிந்துவிட்டது. அதன் வழிவந்தவையோ தொழிற்சாலை வாயில்களிலும் கல்விக்கூடங்களிலும் வேலை தேடிக்கொண்டன.

அவ்வழியில் வந்தவற்றுள் மிகச் சிறிய ஒன்றை, ஓர் இலக்கியப் பிரதியைப் படிப்பது போலவே இங்குப் படித்துப் பார்க்க விரும்புகின்றோம். ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் கொஸ்லிங், பீற்றர் றென்ற்புறோ, வில்லியம் சுவான் ஆகிய மூவரும் 2003 இல் வெளியிட்ட வினாக்கொத்து அது. மொத்தம் பத்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரு பண்புச் சொற்கள். அவை தமக்கு எவ்வளவு பொருந்துகின்றன என்பதை விடையளிப்பவர் 1 முதல் 7 வரையிலான எண்ணாற் குறிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். குணத்துக்கு இரண்டு வரியாக ஐந்து குணங்கள் கிடைத்துவிடும்: புறமுக நாட்டம், இணக்கம், கருமத்திற் கண்ணாயிருத்தல், உணர்ச்சி நிலைபேறு, புதியன ஏற்கும் மனம்.

ஆக்கியோரின் நேர்மையை முதலிற் குறிப்பிடுதல் வேண்டும். நீண்ட வினாக்கொத்துகளிலும் இது தரத்திற் குறைந்தது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். நேரமில்லாத இடத்தில், ஆளுமை பிரதான ஆய்வுப்பொருளாக அமையாதபோது மாத்திரம் இதனைக் கையாளலாம் என்றனர். பெருந்தொகையினரின் சராசரிப் போக்கைக் காண இது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. நீண்ட வினாக்கொத்தின் பெறுபேறுகளோடு இதன் பெறுபேறுகள் கணிசமாக ஒத்துச் சென்றன. பத்து வரியாற் பயனில்லை என்று கையை உதறிவிடுவது விமர்சனமாகாது.

ஆயின் அந்த வரிகளைச் சற்று ஊன்றிப் படிப்போம். இணக்கத்தை அளக்கும் இரண்டு வரிகளுள் ஒன்று பரிவும் அன்பும் உடைமை பற்றியது. மற்றையது எதிர்த்திசையிற் கணிக்கப்படுவது. அதில் குறை காணும் இயல்பும் சண்டைபிடிக்கும் இயல்பும் ஒரே வரியில், ஒரே எண்ணுக்குள் அடைக்கப்பட்டுள்ளன. விமர்சனம் செய்பவனும் சண்டைக்காரனும் ஒருவனே என்று இங்கு யார் தீர்மானித்தார்? கூலி வெட்டப்பட்ட சக தொழிலாளிக்காக முகாமையாளர் முன் நின்று வாதிடும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளது பரிவும் அவளது எதிர்ப்பும் ஒன்றிலிருந்தே பிறந்தவை. வினாக்கொத்தோ முன்னதற்குப் புள்ளி வழங்கிப் பின்னதற்குப் புள்ளி குறைக்கும். இவ்விரு வரிகளும் ஒன்றோடொன்று இசையும் அளவைக் காட்டும் எண், ஆக்கியோர் தந்த கணக்கின்படியே, 0.40 மாத்திரம், முழு இசைவெனின் அது 1 ஆக இருக்கும். விரிந்த குணத்தை இரண்டே வரியாற் பிடிக்க முனைந்தால் எண் தாழ்வது இயல்பே என்பது அவர்கள் விளக்கம். சராசரிக்கு அவ்விளக்கம் போதும். தனியொருத்தியின் வேலை அந்த எண்ணில் தங்கியிருக்கும்போது போதாது.

மரபைப் பேணுதலும் படைப்பாற்றல் இன்மையும் இன்னொரு வரியில் இணைக்கப்பட்டுள்ளன. தலைமுறை தலைமுறையாக வந்த முறையில் மண்ணை வனையும் குயவர் இவ்வரிக்கு என்ன எண் இடுவார்?

இவை வெறுஞ் சொல்லாராய்ச்சி அல்ல. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தொழிற்சங்கக் 'கிளர்ச்சிக்காரரை' இனங்கண்டு விலக்குவதற்கு ஆளுமை வினாக்கொத்துகள் எவ்வாறு பயன்பட்டன என்பதை மைக்கேல் சிக்கார் என்னும் உளவியலாளரே 2001 இல் எழுதினார். 1956 இல் வில்லியம் வைற், நிறுவனங்களுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த ஊழியரைப் பற்றிய தமது நூலின் இறுதியில், இச்சோதனைகளில் எவ்வாறு ஏமாற்றலாம் என்பதற்கு ஒரு பின்னிணைப்பே சேர்த்தார். வேலைக்கு நிற்பவன் தன்னைப்பற்றி உண்மை பேசுவான் என்று எதிர்பார்ப்பதில் உள்ள வேடிக்கையை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

இந்த ஐந்து குணங்கள் எங்கிருந்து வந்தன? அகராதியிலிருந்து. 1936 இல் கோர்டன் ஒல்போட்டும் ஹென்றி ஒட்பேட்டும் ஓர் ஆங்கிலப் பேரகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினர். பின்வந்தோர் அவற்றைச் சலித்துச் சலித்து, கணிதத்தின் துணையோடு ஐந்தாக்கினர். ஒரு மொழி பேசுவோர் தம் அயலாரைப் பற்றிப் பேசிய பேச்சின் சாரமே இவ்வைந்தும். 'ரோசம்', 'மானம்' என்னும் நமது சொற்களை அந்த ஐந்தில் எதற்குள் வைப்பது என்று முயன்று பார்ப்போர் இதன் சிக்கலை விரைவில் உணர்வர். 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், பொலிவியாவின் காட்டுப்புறங்களில் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் மொழிபெயர்த்த வினாக்கொத்தைக் கொடுத்தபோது ஐந்து குணங்களின் அமைப்பு வெளிப்படவில்லை.

மொழியினும் ஆழமான சிக்கல் வேறொன்று. வினவுபவர் யார், விடையளிப்பவர் யார் என்பதே அது. வருமானம் குறைந்த, இடைத்தரமான 23 நாடுகளில் வீடுவீடாகச் சென்று திரட்டிய விடைகளை ஆராய்ந்த 2019 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, அங்கு இவ்வினாக்கள் தாம் அளக்கக் கருதிய குணங்களைப் பெரும்பாலும் அளக்கவில்லை எனக் கண்டது. எதைக் கேட்டாலும் 'ஆம்' என்னும் போக்கு அதற்கு ஒரு முக்கிய காரணம். தாளும் பேனாவும் ஏந்தி வாயிலில் நிற்கும் அந்நியருக்கு ஏழை வேறென்ன சொல்வார்? பத்து வரி வினாக்கொத்து இதற்கு ஒரு காப்பு வைத்துள்ளது. குணத்துக்கு ஒரு வரி நேர், ஒரு வரி எதிர். ஆயின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரு வரிக்கும் 6 இட்டவருக்கு எதிர்வரி 2 ஆக மாற்றப்படும். 6, 2 இரண்டின் சராசரி 4. அதிகாரத்தின் முன் அஞ்சித் தலையாட்டியவர் 'நடுத்தரக் குணமுடையவர்' எனப் பதிவாகிவிடுகிறார்.

நமது நாட்டுக்கு இது தூரத்துச் செய்தியன்று. உலக வங்கி 2012 இல் இலங்கையில் நடத்திய தொழிற்றிறன் அளவீட்டிலும் இத்தகைய குறுகிய ஆளுமை வினாக்கள் இடம்பெற்றன. வேலையின்மைக்கு விடை தேடும்போது தொழில்கள் எங்கே, கூலி என்ன என்று கேட்பதோடு, வேலையற்றவரின் குணம் எத்தகையது என்றும் கேட்கப்படுகிறது. பின்னைய வினா முன்னையதை விழுங்கிவிடுமாயின் வறுமை ஒரு சுபாவக் குறைபாடாகவே தோன்றும். நாம் அஞ்சுவது இதனையே.

சோதனைகளைத் தடைசெய்வதுதான் முற்போக்கு என எண்ணும் நண்பர்களும் உளர். 1936 யூலையிற் சோவியத் அரசு ஓர் ஆணையாற் பாடசாலைகளில் உளச் சோதனைகளை ஒழித்தது. சோதனையோடு குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சியின் பெரும்பகுதியும் சேர்ந்தே முடங்கியது. அவ்வழியை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

பட்ட ஆய்வுக்காக இவ்வினாக்கொத்தை வகுப்பறைகளில் விநியோகிக்கும் ஆசிரியரும் மாணவரும் சிலவற்றையேனும் செய்யலாம். இரட்டைச் சொற்களைப் பிரித்துத் தனித்தனியே கேட்டுப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பை ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் விளங்கிக்கொண்டதை அவர் வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம். இரு எதிர் வரிகளுக்கும் 'ஆம்' என்றவர் எத்தனை பேர் என்பதை அட்டவணையில் மறைக்காது தரலாம். விடைத்தாளில் மாணவன் பெயரை எழுதுவிக்காமலும், அவனுக்குக் கிடைத்த எண்ணை அதிபரின் கோப்புக்கு அனுப்பாமலும் இருக்கலாம்.