‘கிளாவியர்’: சொல்லும் பொருளும்

‘கிளாவியர்’ என்னும் சொல், திறவுகோலைக் குறிக்கும் ‘கிளாவிஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. இடைக்கால இசைநூல்களில் கிளாவிஸ் சுரத்தின் எழுத்துப்பெயரைச் சுட்டிற்று. பின்னர் ஆர்கனின் விசைக்கும் பெயராயிற்று. பிரெஞ்சில் விசைவரிசையைக் குறிக்கும் கிளாவியர், ஜெர்மனில் சினையாகுபெயராய்க் கருவியையே குறிக்கலாயிற்று.

இன்றைய ஜெர்மனில் அது பியானோ. ஆயின் பாக் 1722இல் தம் தொகுப்பின் தலைப்பில் அதனை ஆண்டபோது ஹார்ப்சிகார்டு, கிளாவிகார்டு, ஆர்கன் ஆகிய யாவற்றுக்கும் அது பொதுப்பெயர். அவருடைய ‘கிளாவியர் பயிற்சி’யின் மூன்றாம் பகுதி (1739) பெரும்பாலும் ஆர்கனுக்குரியதாதல் இதற்குச் சான்று. எனவே அத்தலைப்பைப் ‘பியானோ’ என்று பெயர்ப்பது பிற்காலப் பொருளை முற்காலத்தின்மேல் ஏற்றுவதாகும். ஆங்கிலத்தில் ‘கிளாவிகார்டு’ என்றதோ பொதுப்பெயரைச் சிறப்புப்பெயராக்கிய பிழை.

தமிழில் ‘விசைப்பலகை’ உறுப்பை மட்டுமே உணர்த்தும். ‘விசைப்பலகைக் கருவி’ என்பதே ஏற்புடையது. போர்த்துக்கீசிய வழியாக வந்த ‘சாவி’யும் கிளாவிஸின் வழித்தோன்றலே, எனினும் அஃது இங்குப் பயன்படாது. உறவற்ற ‘கட்டை’யோ பொருளால் நெருங்கி நிற்கிறது: ஆர்மோனியத்தின் விசையைக் குறித்த அச்சொல் ‘ஐந்து கட்டை’ எனச் சுருதியளவையும் குறிக்கிறது. கிளாவிஸ் சுரத்திலிருந்து விசைக்குச் சென்றது. கட்டை விசையிலிருந்து சுருதிக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு வழிகாட்டுவது சொற்பிறப்பன்று, வழக்கே.