பாதியில் நின்ற கல்

வேடந்தாங்கலில் பறவை பார்த்துவிட்டு அப்படியே மாமல்லபுரத்துக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள், கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைக் கல் என்று ஓடி, இருட்டுவதற்குள் மீன் வறுவலில் முடித்துக்கொள்கிறார்கள். குறை சொல்லவில்லை, மீனும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஊரின் மேற்குப் பக்கம் பிடாரி ரதங்கள் என்று பாதியில் நின்ற இரண்டு ஒற்றைக்கல் கோயில்கள் இருக்கின்றன. கூட்டம் அங்கே அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

மேலே சிகரம், கூடு வளைவுகள் எல்லாம் துல்லியம். கீழே வர வர வெறும் பாறை. ஒற்றைக்கல் கோயிலை உச்சியிலிருந்து கீழ்நோக்கித்தான் செதுக்கினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நின்று கொத்துவதற்கு, இன்னும் வெட்டாத பாறையே மேடை. முற்றுப்பெறாத குடைவரைகளின் சுவரில் இன்னொரு சூட்சுமம் தெரியும்: கட்டம் கட்டமாக ஆழக் கோடு வெட்டி, நடுவே துருத்தி நிற்கும் சதுரங்களைத் தட்டிப் பெயர்த்திருக்கிறார்கள். பல்லவர் காலத்து உளித்தடம் அப்படியே நிற்கிறது. முடிந்த சிற்பம் இதையெல்லாம் இழைத்து மறைத்துவிடும். அதனாலேயே எனக்கு முடியாதது பிடிக்கும்.

கருங்கல் உளியின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். உலையும் சம்மட்டியும் பக்கத்திலேயே இருந்தால்தான் வேலை நகரும். அந்த வேலை இன்றும் இங்கே தொடர்கிறது: 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி, கற்சிற்பங்களுக்கு 2017இல் கிடைத்த புவிசார் குறியீடு எல்லாம் ஊருக்கு உண்டு. இன்றைய பட்டறைகளில் கட்டர் மிஷின் புழுதி பறக்கிறது. ஆனாலும் கண், உதடு, விரல் நகம் என்று வரும்போது மிஷினைக் கீழே வைத்துவிட்டுச் சின்ன உளியைத்தான் எடுக்கிறார்கள்.